நீராவி அழுத்தத்தை எங்கே நிறுத்துவது? 80 சதவீத விதியும் மூடுபாறையும்

புதுக்கிணறு:

வணக்கம். ஆல்பர்ட்டாவில் ஒரு சாக்டி திட்டத்தில் (மேல் கிணற்றில் நீராவி செலுத்தி, நிலத்தடியில் தார்போல் கிடக்கும் பிட்டுமெனை இளக்கிக் கீழ்க் கிணற்றில் எடுக்கும் முறை) சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. படித்தது பெட்ரோலியப் பொறியியல், பாறை இயக்கவியலில் ஒரே ஒரு பாடம்தான் எடுத்தேன், அதையும் தேர்வுக்காகப் படித்தேன். இப்போது புதிய கிணற்று ஜோடிகளுக்கு நீராவி செலுத்தும் உச்ச அழுத்தத்தைக் கணக்கிடும் வேலை என் மேசைக்கு வந்திருக்கிறது. எண்ணெய் மணலுக்கு மேல் மூடிபோலக் கிடக்கும் மூடுபாறையின் அடிப்பகுதி 200 மீட்டர் ஆழம், பிளவு மூடும் அழுத்தம் மீட்டருக்கு 20 கிலோபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் 4000, அதில் 80 சதவீதம் 3200 கிலோபாஸ்கல். கணக்கு இவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது, அதனால்தான் பயமாக இருக்கிறது.

குழுவில் ஒருவர் சொல்கிறார், தொடக்கச் சுழற்சி (உற்பத்திக்கு முன் இரு கிணறுகளிலும் நீராவியைச் சுற்றவிட்டுச் சூடேற்றுவது) மெதுவாகப் போகிறது, சில நாட்களுக்கு மட்டும் 3400 வரை போகலாம், 4000க்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்று. எனக்கு மறுத்துப் பேசத் தெரியவில்லை. இந்த 80 என்பது அறிவியலா, பழக்கத்தில் வந்த எண்ணா? 3400 போனால் உண்மையில் என்ன நடக்கும்?

தகைவுப்பாறை:

நல்ல கேள்வி, பயப்படுவதும் நியாயம்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 4000 என்ன என்று பார்ப்போம். அது பாறை உடையும் அழுத்தம் இல்லை. ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தால் அது திறந்திருக்குமா மூடிக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிக்கும் அழுத்தம். பாறைக்குள் மூன்று திசையிலும் தகைவு, அதாவது பாறையை நெருக்கும் அழுத்தம், இருக்கிறது, மூன்றில் எது குறைவோ அதற்குச் சமமான எதிர்ப்பைத்தான் விரிசல் சந்திக்கிறது. உள்ளே இருக்கும் திரவ அழுத்தம் அதைத் தாண்டினால் விரிசல் திறந்து நீளும், தாண்டாவிட்டால் மூடிவிடும். ஆக நீங்கள் பெருக்கிப் பார்த்தது குறைந்தபட்சத் தகைவை. அந்த எண் சரியாக இருந்தால்தான் 80 சதவீதத்துக்கு அர்த்தம். தவறான எண்ணின் 80 சதவீதமும் தவறான எண்தான்.

80 எங்கிருந்து வந்தது என்றால், ஆல்பர்ட்டா எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு ஆழம் குறைந்த அதபாஸ்கா பகுதிக்கென்று 2016 டிசம்பரில் வெளியிட்ட 86ஆம் நெறியாணையில் இந்த வாய்பாடு இருக்கிறது. 0.8 பெருக்கல் மூடுபாறையின் பிளவு மூடும் கிரேடியன்ட் (உங்கள் மீட்டருக்கு 20 என்ற எண்) பெருக்கல் மூடுபாறை அடியின் ஆழம். அந்த 20 சதவீத இடைவெளி நமக்குத் தெரியாதவற்றுக்காக ஒதுக்கிவைத்தது. அளவீட்டுப் பிழை, இடத்துக்கு இடம் மாறும் தகைவு, மானியின் பிழை, இயக்கும்போது வரும் ஏற்ற இறக்கம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உங்கள் குழு நண்பர் அதைச் செலவுக்குக் கிடைத்த மிச்சப் பணம் மாதிரிப் பார்க்கிறார். அது ஏற்கெனவே செலவாகியிருக்கலாம், நமக்குத் தெரியாமலே.

இன்னொன்று. இந்த விதி இழுவிசைப் பிளவை, அதாவது விரிசல் வாய் திறப்பதை மட்டும்தான் பார்க்கிறது. மூடுபாறை சறுக்கு முறிவாலும், அதாவது ஒரு பகுதி மற்றதன் மேல் வழுக்கியும் உடையும், அதற்கு அழுத்தம் மூடும் அளவை எட்டவே தேவையில்லை. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

இப்போது என் கேள்விகள். அந்த மீட்டருக்கு 20 எந்தக் கிணற்றில் அளந்தது? மணற்பாறையிலா, மூடுபாறையிலா? சோதனையின் அழுத்த வரைபடத்தில் எந்தப் புள்ளியை மூடும் அழுத்தம் என்று எடுத்தார்கள்? 200 மீட்டர் என்பது சராசரியா, மிகக் குறைந்த ஆழமா?

இரவுஷிப்ட்:

நான் அலுவலகத்தில் கணக்குப் போடுகிறவன் இல்லை. பதினேழு வருடம் நீராவிக் கிணறுகளை இயக்கியிருக்கிறேன். தகைவுப்பாறை கேட்ட கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 3200 என்று நீங்கள் எழுதும் எண்ணைத் திரையில் யார், எங்கே அளந்து காட்டுகிறார்கள்?

உச்ச அழுத்தம் கிணற்றடிக்கு. மானி பெரும்பாலும் மேலே. நடுவில் குழாய் முழுக்க நீராவி இருந்தால் பரவாயில்லை, 3 மெகாபாஸ்கலில் (3000 கிலோபாஸ்கல்) நீராவியின் எடை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 15 கிலோதான், 200 மீட்டருக்கு 30 கிலோபாஸ்கல் கூட வராது. ஆனால் நீராவி குளிர்ந்து தண்ணீராகி நின்றுவிட்டால்? சுடுதண்ணீர்த் தூண் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 8 கிலோபாஸ்கல் சேர்க்கும். 200 மீட்டருக்கு 1600. மேலே 2000 என்று காட்டும், கீழே 3600 இருக்கும். தொடக்கச் சுழற்சியிலும், கொதிகலன் நின்று திரும்ப ஓட்டும்போதும் இதுதான் நடக்கும். நீங்கள் 3400 கேட்கும் அதே நாட்களில்.

அதனால்தான் வளையவெளியில் (கிணற்றுக்குள் குழாய்க்கு வெளியே சுற்றியுள்ள இடைவெளி) வாயுவை நிரப்பிக் கிணற்றடி அழுத்தத்தைப் படிக்கிறோம். ஆனால் அந்த வாயுக் குழாயும் அடைத்துக்கொள்ளும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஒன்பது நாள் ஒரு கிணற்றின் அழுத்தம் கோடு போட்டதுபோல ஒரே அளவில் நின்றது. எல்லோரும் கிணறு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். உயிருள்ள கிணற்றின் அழுத்தம் அப்படி அசையாமல் இருக்காது என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பத்தாவது நாள் வாயுவை ஊதி அடைப்பை எடுத்தபோது காட்டிய எண் அனுமதித்த அளவைவிட அதிகம். ஒன்றும் உடையவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாள் இரவும் அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான்தான், இன்றும் நேர்கோடாக எதைப் பார்த்தாலும் போய்ச் சோதிக்கிறேன்.

புதுக்கிணறு:

இருவருக்கும் நன்றி. கேட்டதற்குப் பதில் தேடிப் பார்த்தேன், பதில்கள் எனக்கே பிடிக்கவில்லை.

அளவீடு ஒரே ஒரு கிணற்றில், எங்கள் புதிய ஜோடிகளிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி. மூடுபாறையில் ஒரு சோதனை (திரவத்தைப் பம்பு செய்து சிறு பிளவு உண்டாக்கி அழுத்தத்தைப் பதிவுசெய்வது), கீழே மணற்பாறையில் ஒன்று. அறிக்கையில் மூடும் அழுத்தம் என்று ஒரு வரி இருக்கிறது, எப்படி எடுத்தார்கள் என்பதற்கு விளக்கம் இல்லை, ஆனால் மூல அழுத்தப் பதிவு இருக்கிறது. 200 மீட்டர் என்பது சராசரி.

வேகவேண்டும்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் களத்தில் எல்லோரும் அழுத்தத்தைக் குறை குறை என்றே சொல்கிறீர்கள், மறுபக்கத்தை யாராவது சொல்ல வேண்டும். பூரித நீராவியில் அழுத்தம்தான் வெப்பநிலை. 1.5 மெகாபாஸ்கலில் 198 பாகை, 3 மெகாபாஸ்கலில் 234 பாகை. பிட்டுமென் நிலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பாகையில் பத்து லட்சம் சென்டிபாய்ஸுக்கு மேல் பாகுத்தன்மையோடு கிடக்கிறது, சூடுதான் அதை நகர்த்தும். அழுத்தம் குறைந்தால் நீராவி அறை (மணலுக்குள் நீராவி நிரம்பிச் சூடான பகுதி) மெதுவாக வளரும், உற்பத்தி குறையும், வாயுவால் தூக்கி மேலே கொண்டுவர முடியாமல் பம்பு வைக்க வேண்டிவரும். அதோடு கொஞ்சம் அதிக அழுத்தம் மணலை விரித்து ஊடுருவுதிறனைக் கூட்டுகிறது, இதுவும் பாறை இயக்கவியல்தானே? விதியை மதிக்கிறேன், ஆனால் தேவைக்கு மேல் பயப்படுவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

தகைவுப்பாறை:

வேகவேண்டும் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. மணல் விரிவது உண்மை. அதபாஸ்கா மணலின் துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டவை, நுண்துளை அழுத்தம் கூடிச் செயலுறு தகைவு (துகள்களை ஒன்றோடொன்று நெருக்கும் தகைவு) குறையும்போது பூட்டு தளர்கிறது, சறுக்கும்போது துகள் துகளின் மேல் ஏறிக் கன அளவு கூடுகிறது, வழி திறக்கிறது. 1987இல் தொடங்கிய நிலத்தடிச் சோதனை நிலையத்தில் கருவிகளைப் புதைத்து இதையெல்லாம் அளந்தார்கள். ரோஜர் பட்லர் 1970களின் கடைசியில் சாக்டியை யோசித்தபோது ஈர்ப்பும் வெப்பமும்தான் கணக்கில் இருந்தன, பாறையும் அசைகிறது என்பது களத்தில்தான் தெளிவானது.

ஆனால் மணலுக்கு நல்லது மூடுபாறைக்கு நல்லது இல்லை. ஒரே அசைவுதான் இரண்டையும் பாதிக்கிறது. 20 மீட்டர் தடிமனுள்ள மணற்படுகை 200 பாகை சூடேறினாலே வெப்ப விரிவால் சில சென்டிமீட்டர் உயரும், சறுக்கு விரிவு அதோடு சேரும். அறைக்கு நேர் மேலே மூடுபாறை தூக்கப்படுகிறது, பக்கத்தில் குளிர்ந்த மணலின் மேல் இருக்கும் பகுதி அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் அந்த விளிம்பில் சறுக்குத் தகைவு குவிகிறது. நான் முன்னால் சொன்ன சறுக்கு முறிவு அங்கேதான் தொடங்கும். மூடுபாறை களிமண் நிறைந்த ஷேல், அதில் பழைய வழுக்குத் தளங்கள் இருந்தால் உராய்வுக் கோணம் இன்னும் குறைவு, ஆய்வகத்தில் முழுசாக எடுத்த மாதிரி காட்டும் வலிமையை அந்தத் தளங்களிடம் எதிர்பார்க்க முடியாது.

வெப்பமும் மேலே ஏறுகிறது. கடத்தலால் மட்டும் ஏறினால் முதல் ஆண்டில் ஐந்தாறு மீட்டர், பத்து ஆண்டில் பதினெட்டு மீட்டர் அளவு, காலத்தின் வர்க்கமூலத்தோடு போகும். மெதுவானதுதான். ஆனால் ஷேலுக்குள் இருக்கும் தண்ணீர் சூடேறி விரியும்போது வெளியே போக வழியில்லை, ஊடுருவுதிறன் அவ்வளவு குறைவு. அதனால் உள்ளேயே நுண்துளை அழுத்தம் ஏறுகிறது, நீராவி ஒரு துளி கூட உள்ளே நுழையாமலே மூடுபாறையின் அடிப்பகுதி பலவீனமாகிறது. இது எந்த ஒருவரி வாய்பாட்டிலும் வராது, வெப்பத்தையும் பாறையையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரியில்தான் வரும்.

குறைந்த அழுத்தத்தின் விலை பற்றி: 1 மெகாபாஸ்கலில் ஒரு கிலோ நீராவி ஒடுங்கும்போது சுமார் 2015 கிலோஜூல் கொடுக்கிறது, 3 மெகாபாஸ்கலில் 1795தான். குறைந்த அழுத்தத்தில் பாறையையும் குறைந்த வெப்பநிலைக்குச் சூடாக்கினால் போதும். வேகம் குறையும், ஆனால் ஒரு பீப்பாய் பிட்டுமெனுக்குச் செலவாகும் நீராவியும் குறையும். விலை இரண்டு பக்கமும் இருக்கிறது.

பழையதாள்:

ஜோஸ்லின் சம்பவத்தை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை. இந்த விதிகள் ஏன் வந்தன என்று தெரியாமல் பேசக்கூடாது.

2006 மே 18. ஆல்பர்ட்டாவின் ஜோஸ்லின் கிரீக் சாக்டி திட்டத்தில் ஒரு கிணற்று ஜோடிக்கு மேலே நிலம் வெடித்துத் திறந்தது. சுமார் 125க்கு 75 மீட்டர் பரப்பு கலைந்துபோனது, கற்கள் 300 மீட்டர் வரை வீசப்பட்டன, தூசி ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் படிந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை, அதனால் உயிர் போகவில்லை. கிணறு இயங்கத் தொடங்கிய ஆரம்ப மாதங்கள் அவை. ஆழம் நூறு மீட்டர் அளவுதான். அனுமதித்த கிணற்றடி அழுத்தம் 1400 கிலோபாஸ்கல், அதைத் தாண்டிச் செலுத்தியிருந்தார்கள் என்று ஒழுங்குமுறை அமைப்பின் ஆய்வு 2010இல் எழுதியது. நிறுவனம் தந்த விளக்கத்தில் நீராவி வேகமாக மேலே ஏறி, மூடுபாறைக்குக் கீழே தோசைபோலப் பக்கவாட்டில் பரவி, அந்தப் பரப்பின் விளிம்பில் சறுக்கு முறிவு ஏற்பட்டது என்று வருகிறது. தகைவுப்பாறை இப்போது சொன்ன அதே விளிம்பு.

பரப்பு ஏன் முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சின்ன இடத்தில் அழுத்தம் அதிகமாக இருந்தால் மேலே இருக்கும் நிலம் சுற்றியுள்ள பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதே அழுத்தம் அகலமாகப் பரவினால் பிடித்துக்கொள்ள விளிம்பு மட்டும்தான் மிச்சம். தூக்கும் விசை பரப்போடு வளர்கிறது, பிடிக்கும் விசை சுற்றளவோடு.

கலிபோர்னியாவிலும் டயட்டமைட் பாறைகளில் ஆழம் குறைந்த இடத்தில் நீராவி செலுத்தும் வயல்கள் உண்டு. 2011 ஜூனில் டாஃப்ட் அருகே மிட்வே சன்செட் வயலில் தரை உள்வாங்கி ஒரு தொழிலாளி இறந்துபோனார். இந்தத் தொழிலில் மூடுபாறை என்று நாம் எழுதும் சொல்லின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள்.

வேகவேண்டும்:

ஜோஸ்லினைத் தெரியும், அது நூறு மீட்டர் ஆழம், இவருடையது 200. சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆல்பர்ட்டாவின் கோல்ட் லேக் பகுதியில் சுழற்சி முறையில் (ஒரே கிணற்றில் நீராவி செலுத்தி, பிறகு அதிலேயே எண்ணெய் எடுப்பது) 10 மெகாபாஸ்கல் அளவில், 300 பாகைக்கு மேல், வேண்டுமென்றே பிளவு அழுத்தத்தைத் தாண்டித்தான் செலுத்துகிறார்கள். 1985லிருந்து வணிக அளவில் நடக்கிறது. பிளவு அழுத்தம் தாண்டினாலே பேரழிவு என்றால் அது எப்படி நடக்கிறது?

தகைவுப்பாறை:

இது நேர்மையான கேள்வி. அங்கே எண்ணெய்ப் படுகை 400 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கிறது, மேலே கொலராடோ குழுவின் ஷேல் தடிமனாகக் கிடக்கிறது. பிளவு அவர்கள் விரும்பும் படுகைக்குள் நிற்கும் என்ற கணிப்பில் செய்கிறார்கள். அதற்கும் விலை இருக்கிறது: ஒவ்வொரு சுழற்சியிலும் தரை எழும்பி இறங்குகிறது, படுகை எல்லைகளில் பாறை சறுக்கி கேசிங் (கிணற்றைத் தாங்கும் எஃகுக் குழாய்) வெட்டுப்படுகிறது, அதைப் பிடிக்கவே நிலத்தில் அதிர்வு கேட்கும் கருவிகளை ஒவ்வொரு கிணற்றுத் தளத்திலும் வைக்கிறார்கள்.

அப்படியும் தவறியது. அதே பகுதியில் பிரிம்ரோஸில் 2009இலும், அப்புறம் 2013இல் நான்கு இடங்களிலும் பிட்டுமென் கலந்த குழம்பு தரைக்கு வந்தது. நான்கில் ஒன்று நீர்நிலையின் அடியில். வெடிக்கவில்லை, தரை விரிசலில் கசிந்துகொண்டே இருந்தது. 2016இல் வந்த ஒழுங்குமுறை அமைப்பின் முடிவறிக்கை சொன்னது: அளவுக்கு மீறிய நீராவிக் கன அளவும், மேலே போகத் திறந்த வழியும் சேர்ந்ததுதான் காரணம். வழி என்பது கிணற்றுத்துளையாக இருக்கலாம், இயற்கை விரிசலோ பிளவுப்பெயர்ச்சியோ இருக்கலாம், நாமே உண்டாக்கிய பிளவாகவும் இருக்கலாம்.

அழுத்தத்தை ஏற்கெனவே தாண்டிவிட்ட இடத்தில் அழுத்தம் எல்லையாக இருக்க முடியாது, அங்கே எவ்வளவு செலுத்தினோம் என்பதுதான் எல்லை. அதனால் கோல்ட் லேக்கைக் காட்டி 3400 நியாயம் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய கட்டுப்பாடுகள் எதுவும் உங்கள் தளத்தில் இல்லை, அவர்களுடைய 400 மீட்டரும் இல்லை.

வேகவேண்டும்:

கன அளவு பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். அந்த அறிக்கையைக் கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் கிணற்றுச் சிமென்ட் பிரச்சினை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்படிப்பவள்:

நிலவியல் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். புதுக்கிணறு, அந்தச் சராசரி 200 மீட்டரை இப்போதே மறந்துவிடுங்கள். அதபாஸ்காவில் பனியாறுக் காலத்துப் பள்ளத்தாக்குகள் புதைந்து கிடக்கின்றன. பழைய ஆறு மூடுபாறையை மேலிருந்து அரித்துவிட்டுப் போயிருக்கும், அந்தப் பள்ளத்தைச் சரளையும் மணலும் நிரப்பியிருக்கும், தரையில் நின்று பார்த்தால் சமவெளிதான். அந்த இடத்தில் மூடுபாறை மெலிந்திருக்கும், மேலே நல்ல ஷேலுக்குப் பதில் தண்ணீர் ஓடும் சரளை இருக்கும். மூடுபாறையின் அடியும் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இருக்காது. கட்டமைப்பு மேடு இருக்கும் இடத்தில் ஆழம் குறையும், நீராவியும் அங்கேதான் முதலில் போய்ச் சேரும்.

விதி கேட்பது மிகக் குறைந்த ஆழத்தை. துளைக்கிணறுகளின் காமா பதிவுகளை (இயற்கைக் கதிர்வீச்சை அளந்து களிமண்ணையும் மணலையும் பிரித்துக் காட்டுபவை) மட்டும் வைத்து வரைபடம் போட்டிருந்தால் இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு ஒளிந்துகொள்ளப் போதிய இடம் உண்டு. நில அதிர்வு ஆய்வு இருக்கிறதா?

அப்புறம் அருகில் எரிவாயு எடுத்த படுகை உண்டா? பிட்டுமெனுக்கு மேலே இருந்த வாயுவை எடுத்து அழுத்தம் இறங்கியிருந்தால் இரண்டு கேடு. நீராவி அந்தப் பக்கம் ஓடும். அதோடு நுண்துளை அழுத்தம் இறங்கிய படுகையில் கிடைமட்டத் தகைவும் இறங்கும், அதனால் வாயு எடுப்பதற்கு முன் செய்த சோதனை இன்றைய நிலத்தைச் சொல்லாது.

புதுக்கிணறு:

வாயு இல்லை. நில அதிர்வு ஆய்வு இருக்கிறது. இன்று முழுக்க நிலவியலாளரோடு உட்கார்ந்தோம். புதிய தளத்தின் வடகிழக்கு மூலையில் மூடுபாறையின் அடி 170 மீட்டரில் இருக்கிறது. அங்கே மேலே ஒரு புதைந்த பள்ளத்தாக்கின் ஓரமும் வருகிறது.

இரவுஷிப்ட் சொன்னதற்காக வாயுக் குழாய்களையும் கேட்டேன், இரண்டு கிணறுகளில் கடைசியாக எப்போது ஊதிச் சோதித்தார்கள் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

அழுத்தப் பதிவையும் வரைந்து பார்த்தேன், மூடுபாறைச் சோதனையில் மூன்று சுழற்சிகள். ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறி, உச்சம் தொட்டு, கொஞ்சம் இறங்கி நேராகப் போய், பம்பை நிறுத்தியதும் சட்டென்று ஒரு விழுதல், அப்புறம் மெதுவான சரிவு. அறிக்கையில் உள்ள 20 என்பது அந்தச் சட்டென்ற விழுதல் முடியும் புள்ளியோடு பொருந்துகிறது. அதுதானே மூடும் அழுத்தம்?

தகைவுப்பாறை:

இல்லை. நான் பயந்தது இதைத்தான்.

நீங்கள் சொல்லும் புள்ளி ஐஎஸ்ஐபி, அதாவது பம்பை நிறுத்தியவுடன் காணும் அழுத்தம். பம்பு நின்றதும் குழாயிலும் கிணற்றருகிலும் இருந்த உராய்வு இழப்பு மறைகிறது, அதுதான் அந்த உடனடி விழுதல். அந்த நொடியில் பிளவு இன்னும் திறந்துதான் இருக்கிறது, உள்ளே இருக்கும் அழுத்தம் தகைவைவிடக் கூடுதல், இல்லாவிட்டால் திறந்திருக்காது. அப்புறம் திரவம் மெதுவாகப் பாறைக்குள் கசிந்து, பிளவின் இரு சுவர்களும் ஒன்றையொன்று தொடும்போதுதான் மூடும் அழுத்தம். அது எப்போதும் ஐஎஸ்ஐபிக்குக் கீழே. ஊடுருவவிடும் பாறையில் இரண்டும் அருகருகே இருக்கும். ஷேலில் கசிவு மிகக் குறைவு, மூடுவதற்கு மணிக்கணக்கில் ஆகும், பொறுமை இழந்து பதிவை நிறுத்திவிட்டால் மூடும் புள்ளி பதிவிலேயே இருக்காது. பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது, பாறை இருப்பதைவிடப் பலமாகத் தெரியும் பக்கம்.

கடைசிச் சுழற்சியை எடுங்கள். முதல் சுழற்சியில் பாறையின் இழுவலிமையும் கலந்திருக்கும், அதை நம்ப வேண்டாம். நிறுத்திய பிறகான அழுத்தத்தை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகவும், ஜி சார்புக்கு (பிளவிலிருந்து திரவம் கசிவதைக் கணக்கில் கொண்ட நேர அளவு) எதிராகவும் வரையுங்கள். இரண்டிலும் சாய்வு மாறும் இடம் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சோதனையிலிருந்து ஒரே எண்ணை எடுத்து அறிக்கையில் எழுதக்கூடாது.

இன்னொரு சரிபார்ப்பு: அடர்த்திப் பதிவைத் தரையிலிருந்து கூட்டி மேலுள்ள பாறையின் எடையைக் கணக்கிடுங்கள். கன சென்டிமீட்டருக்கு 2.1 கிராம் என்றால் மீட்டருக்கு 20.6 கிலோபாஸ்கல் வரும். மூடும் அழுத்தம் அதை ஒட்டி வந்தால் குறைந்தபட்சத் தகைவு செங்குத்துத் திசையில், பிளவு கிடைமட்டமாகப் படுக்கும். நன்றாகக் குறைந்து வந்தால் குறைந்தபட்சம் கிடைமட்டத்தில், பிளவு செங்குத்தாக நிற்கும், மூடுபாறைக்குக் குறுக்கே மேலே ஏறும். பழைய 20 முதல் வகையைக் காட்டியது. புதிய எண் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

இரவுஷிப்ட்:

அந்த இரண்டு வாயுக் குழாய்களையும் நாளைக்கே ஊதச் சொல்லுங்கள், கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஊதுவதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்ணை எழுதிவையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் முந்தைய வாரங்களின் பதிவு முழுவதும் சந்தேகத்துக்குரியது.

புதுக்கிணறு:

மூன்று நாள் ஆகிவிட்டது, இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

கடைசிச் சுழற்சியில் பம்பை நிறுத்திய பிறகு பதினொரு மணி நேரப் பதிவு இருந்தது, யாரோ பொறுமையாகச் செய்திருக்கிறார், அவருக்கு நன்றி. வர்க்கமூலத்திலும் ஜி சார்பிலும் சாய்வு மாறும் இடம் மிக அருகருகே வருகிறது. மீட்டருக்கு 18. அடர்த்தியிலிருந்து கிடைத்த செங்குத்துத் தகைவு 20.8. அப்படியென்றால் பிளவு செங்குத்து.

புதுக் கணக்கு: 170 பெருக்கல் 18, 3060 கிலோபாஸ்கல். அதில் 80 சதவீதம் 2448.

நாங்கள் சில நாட்களுக்கு மட்டும் என்று பேசிக்கொண்டிருந்த 3400, வடகிழக்கு மூலையில் மூடும் அழுத்தத்துக்கே மேல். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. 3200 கூட மேல்தான். கணக்குத் தாளில் எல்லாம் பச்சையாக இருந்தது.

வாயுக் குழாய்களில் ஒன்று சரியாக இருந்தது, மற்றொன்று ஊதிய பிறகு 140 கிலோபாஸ்கல் ஏறியது.

வேகவேண்டும்:

நான் வெப்பநிலை விலையைக் கணக்கிட்டுப் பார்த்தேன், ஏனென்றால் நான்தான் அதைக் கிளப்பினேன். மானி 3200 என்றால் வளிமண்டலத்தையும் சேர்த்து 3.3 மெகாபாஸ்கல், 239 பாகை. 2448 என்றால் 2.55 மெகாபாஸ்கல், 225 பாகை. பதினான்கு பாகை வித்தியாசம். இரண்டிலுமே பிட்டுமென் பத்து சென்டிபாய்ஸ் அளவுக்கு இளகிவிடும். நான் நினைத்ததைவிட மிகச் சின்ன இழப்பு. தொடக்கச் சுழற்சி கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். என் வாதத்தை இந்தத் தளத்துக்குப் பொருந்தாது என்று திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

புதுக்கிணறு:

நன்றி, இந்த இரண்டு வரியை அப்படியே கூட்டத்தில் காட்டப்போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். தளத்தில் ஆறு ஜோடி, மூலைக்குப் பக்கத்தில் வருவது இரண்டுதான். மற்ற நான்குக்கு 200 மீட்டரை வைத்து 2880 கேட்கலாமா?

தகைவுப்பாறை:

அறைகள் ஒன்றோடொன்று சேராதவரை கேட்கலாம். சேர்ந்தபின் அழுத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அப்போது 170 மீட்டர்தான் ஆளும். நான்கு ஜோடிகளும் எந்த ஆண்டில் மூலையைத் தொடும் என்று மாதிரியில் பாருங்கள், அந்த மாதிரிக் கணிப்பை நம்பாமல் நடுவே ஒரு கண்காணிப்புக் கிணற்றில் வெப்பமானியும் அழுத்தமானியும் வையுங்கள், ஒன்று மணலில், ஒன்று மூடுபாறைக்குள். அங்கே அழுத்தம் அசைந்தவுடன் எல்லாம் 2448க்கு இறங்க வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு முடிவெடுக்கலாம் என்று விட வேண்டாம். செலுத்தும் அளவு கூடும்போதே அழுத்தம் விழுந்தால் உடனே நிறுத்துவது என்பதையும் சேருங்கள், நீராவிக்கு எங்கோ புது வழி கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அந்த மூலையில் கைவிட்ட பழைய துளைகள் ஏதாவது உண்டா? சிமென்ட் பதிவுகளை மண்படிப்பவளிடம் காட்டுங்கள்.

புதுக்கிணறு:

இரண்டு இருக்கின்றன, ஒன்று மூடுபாறையைத் தாண்டி மணல்வரை போகிறது. சிமென்ட் பதிவு கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன். அதுவரை அந்த இரண்டு ஜோடிகளுக்கும் சுழற்சி தொடங்க வேண்டாம் என்று இன்று காலை சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள்.